பேனாவைக் கீழே வைத்த பிறகு

மில்வாக்கியில் கோல்பி ஹார்ட்விக்கின் படம் மாட்டாத பீர்க் கடை கிடையாது. ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இறுதிப் போட்டியை வென்றுகொடுத்த குவார்ட்டர்பேக், பந்தை வாங்கி ஆட்டத்தையே நடத்துகிறவன், மாட்டத்தானே செய்வார்கள். ஒரு கையை நீட்டி, வாயைத் திறந்து கட்டளை போட்டுக்கொண்டு ராஜா மாதிரி நிற்பான். படத்தின் வலது மூலையில், சட்டத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு பெரிய பின்புறம் தெரியும். அது ரோமன் ஜெலின்ஸ்கியுடையது.

ஒன்பது வருடம் ரோமன் முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டராக ஆடினான். குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு இடையே பின்னாலிருக்கும் கோல்பியின் கையில் கொடுத்துவிட்டு, நிமிர்வதற்குள் எதிரே பாயும் நூற்றைம்பது கிலோ ஆளை நெஞ்சில் வாங்க வேண்டும். கோல்பியின் சட்டையில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த வேலையும். அப்படிப் பார்த்துக்கொண்டதில் ஆறு விரல்கள் கோணிப்போயின. கடைசி வருடம் நவம்பரில், கோல்பியைப் பிடிக்க வந்த ஒரு தடியன் ரோமனின் காலில் விழுந்து, கால் இரண்டாக முறிந்தது. பிப்ரவரியில் கோல்பி இறுதிப் போட்டியை வென்றபோது ரோமன் மாவுக்கட்டுக் காலைச் சோபாவில் நீட்டிக்கொண்டு டிவியில் பார்த்தான். அணியில் எல்லாருக்கும் தரும் வெற்றி மோதிரத்தை அவனுக்கும் அனுப்பினார்கள். கோணல் விரலில் அது ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் வர்ணனைக்கு வந்தான். பெர்னி ஆஷ் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து ஏன், எப்படி என்று விளக்கும் நாற்காலி அவனுடையது. பதினோரு வருடம். கோல்பி இல்லாத ஒரே இடம் உலகத்தில் அதுதான் என்று நிம்மதியாக இருந்தான். போன வசந்தத்தில் கோல்பி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றான். ஆகஸ்டில் வர்ணனை அறையில் மூன்றாவது நாற்காலி முளைத்திருந்தது.

இந்த வருட இறுதிப் போட்டி இவர்கள் சேனலுக்கு. ரோமனின் பதினோரு வருடத்தில் முதல்முறை. ஆனால் அன்றைக்கு இரண்டு நாற்காலிதான் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒன்று பெர்னிக்கு. மற்றது யாருக்கு என்று, இந்த ஞாயிற்றுக்கிழமை ஓமஹா அணியுடன் நடக்கும் ஆட்டம் முடிந்ததும், தயாரிப்பாளர் மார்சி டெலூகா மேலிடத்துக்கு ஒரு பெயரை அனுப்ப வேண்டும். ஒருமுறை கால் முறிந்து இழந்த இறுதிப் போட்டியை மறுபடியும் அதே ஆளிடம் இழப்பதா என்று நினைக்கும்போதெல்லாம் ரோமனுக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலை அவன் மனைவி டோரீன் காபியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"காபியில உப்பையா போட்டேன்? மூஞ்சி ஏன் இப்படிக் கோணுது?"

"பேப்பரப் பாரு. பந்து நகர்றதுக்கு முன்னாடியே நடக்கப்போறதச் சொல்ற மந்திரவாதியாம். அரைப் பக்கத்துக்குப் படம் வேற."

"சொல்லத்தானே சொல்றான். போன வாரம் மூணு தடவ சொன்னான், மூணும் அப்படியே நடந்துச்சு. நானே ஆடிப்போயிட்டேன்."

"நீயுமா?"

"உண்மையச் சொன்னா கோவம் வருதாக்கும். நீ போன வாரம் என்ன சொன்ன? 'இந்தப் பையன் காலையில நல்லாச் சாப்பிட்டிருக்கான்'னு சொன்ன. அதுக்கப்புறம் ஒரு வட்டம் போட்ட, உருளைக்கிழங்கு மாதிரி."

வட்டத்தைப் பற்றிப் பேசினால் ரோமனுக்குப் பொறுக்காது. திரையில் விரலால் கோடு இழுத்து ஆட்டக்காரனைச் சுட்டிக்காட்டும்போது, கோணல் விரல் போடும் வட்டம் எப்படி வட்டமாக வரும்? கோல்பி போட்டால் தட்டை வைத்து வரைந்ததுபோல் வருகிறது. பத்து மில்லியன் பேர் பார்க்கிறார்கள், ஒருவனுக்காவது அந்த விரல் யாருக்காகக் கோணியது என்று தெரியுமா?

"அவன் சொந்தமாச் சொல்லல, டோரீன். கோச்சுங்க அவனுக்குத் தனியாப் போன் போட்டுச் சொல்றாங்க. அத ஞாயித்துக்கிழமை விக்கிறான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா நீயும் கேட்டு வித்துக்கோ," என்று சொல்லிவிட்டு டோரீன் சலவைத் துணியைப் பார்க்கப் போய்விட்டாள்.

பகலில் ஓட்டலில் கூட்டம். ஆட்டத்துக்கு முந்தின நாள் உள்ளூர் கோச் வந்து வர்ணனைக்காரர்களோடு அரைமணி உட்காருவது வழக்கம். யாருக்கு முட்டி வலி, யார் தூங்கவில்லை, எதை நம்பி இறங்குகிறார்கள் என்று சொல்லுவார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் பேச்சின் நடுவே கோச் ஒரு இடத்தில் "பேனாவைக் கீழே வையுங்கள்" என்பார். அதற்குப் பிறகு காதில் விழுவது, களத்தில் பந்து நகரும்வரை காதோடு நிற்க வேண்டும். நகர்ந்த பிறகு "நேற்றே சொன்னார்" என்று பெருமையடித்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு கணம் முந்தினாலும் துரோகம். எழுதிவைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. பதினோரு வருடத்தில் ரோமன் ஒரு தடவைகூட முந்தியதில்லை.

மில்வாக்கி கோச் வெண்ட்லிங், ரோமன் ஆடிய காலத்தில் அவனுடைய முன்வரிசைக்கே பயிற்சி கொடுத்தவர். வந்ததும் ரோமனின் தோளில் தட்டினார். கோல்பியைக் கட்டிப்பிடித்தார். தட்டலுக்கும் கட்டிப்பிடித்தலுக்கும் உள்ள தூரத்தை ரோமன் மனதுக்குள் அளந்துகொண்டான்.

இருபது நிமிடம் கழித்து வெண்ட்லிங் கதவைத் திரும்பிப் பார்த்தார். "சரி, பேனாவக் கீழ வைங்க."

நான்கு பேனாக்கள் மேஜைக்கு வந்தன. கோல்பியின் பேனா மூடிகூடத் திறக்கப்படவில்லை. இருபது நிமிடத்தில் அவன் ஓர் எழுத்தும் எழுதியிருக்கவில்லை. எழுதுவானேன், தனியாகத்தான் எல்லாம் வருகிறதே என்று ரோமன் நினைத்தான்.

"நாளைக்கு நெருக்கடி வந்தா நாலாவது முயற்சியில உதைக்கிற மாதிரி நிப்போம்," என்றார் வெண்ட்லிங். "உதைக்க மாட்டோம். பந்து உதைக்கிறவன்கிட்ட போகாது. முன்னாடி சும்மா நிக்கிற மாதிரி நாப்பத்தொண்ணாம் நம்பர் சட்டைக்காரன் நிப்பான், அவன்கிட்ட நேராப் போகும். இடது பக்கமா ஓடுவான். ஆறு வாரமா கதவச் சாத்திக்கிட்டுப் பழகுறோம். என் பொண்டாட்டிக்கே தெரியாது. கேமராவ அவன்மேல வச்சுக்கணுமேன்னுதான் உங்ககிட்ட சொல்றேன்."

"கவலப்படாதீங்க கோச்," என்றாள் மார்சி.

கூட்டம் முடிந்ததும் வெண்ட்லிங்கும் கோல்பியும் சன்னலோரம் போய் இரண்டு நிமிடம் குசுகுசுவென்று பேசினார்கள். கோச் சிரித்தார். ரோமன் கோட்டு மாட்டுவதுபோல் நின்று நின்று பார்த்தான், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அந்த இரண்டு நிமிடம் இரவு முழுக்க அவன் படுக்கையில் கூடவே புரண்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கே பனி கொட்டியது. வாகனத் திடலில் ரசிகர்கள் இறைச்சிச் சாசேஜ் சுடும் புகை வர்ணனை அறைவரை ஏறி வந்தது. முதல் பகுதியில் கோல்பி இரண்டு தடவை சொன்னான். "வலது பக்கம் ஓட்டம்," என்றான், ஓடினார்கள். "இப்ப எறிவாங்க," என்றான், எறிந்தார்கள். கீழே முற்றத்தில் நிற்கும் ஒளிபரப்பு வண்டியிலிருந்து மார்சியின் குரல் மூன்று பேர் ஹெட்போனிலும் வந்தது.

"கோல்பி, பின்னுற! ரோமன், அந்தச் சாசேஜ் ஜோக்க எடுத்து விடு."

சாசேஜ் ஜோக். பதினோரு வருடமாக ரோமன் சாசேஜைப் பற்றிப் பேசினான், தொப்பையைப் பற்றிப் பேசினான், குண்டர்களின் காலுறையைப் பற்றிப் பேசினான். ஆட்டத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது கோல்பிக்கு ஏழு பிறவிக்கும் தெரியாது. இடைவேளை விளம்பரத்தில் கோல்பி சூயிங்கத்தை நீட்டினான்.

"வேணுமா, பெரிசு?"

"பெரிசு கிரிசுன்னு கூப்பிடாத."

"சரி பெரிசு."

பெர்னி சிரித்துவிட்டார். ரோமனுக்குக் காதுவரை சுட்டது.

மூன்றாவது பகுதியில் மில்வாக்கி பின்தங்கியிருந்தது. மூன்று முயற்சியிலும் பந்து முன்னேறவில்லை. நான்காவதுதான் கடைசி; அதில் எந்த அணியும் பந்தை உதைத்து எதிரியின் பக்கம் தள்ளிவிட்டு மூச்சு வாங்கும். உதைப்பவன் பின்னால் போய் நின்றான். முன்னால், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் நாற்பத்தொன்று நின்றான்.

இதுதான் அது. மூன்று பேருக்கும் தெரியும். பெர்னி, "உதைக்க வருகிறார்கள்," என்று சாதாரணமாகச் சொன்னார். கோல்பி உதைப்பவனின் காலணியைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

ஏன் நிறுத்தினான்? சொல்லப்போகிறான். மூச்சை இழுக்கிறான். இதையும் சொல்லி, மந்திரவாதிப் பட்டத்தை மறுபடி ஒருமுறை வாங்கி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறான். ரோமனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"உதைக்க மாட்டாங்க! நாப்பத்தொண்ணப் பாருங்க. பந்து நேரா அவன்கிட்ட போகும், இடது பக்கம் ஓடுவான்!"

நான்கு விநாடி கழித்துப் பந்து நகர்ந்தது. நேராக நாற்பத்தொன்றிடம் போனது. அவன் இடது பக்கமாக ஓடினான். ஓமஹாக்காரர்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பனியில் சறுக்கி விழுந்தான். அரங்கம் அதிர்ந்தது. பெர்னி நாற்காலியை விட்டு எழுந்து, "ரோமன்! எப்படித் தெரியும் உனக்கு!" என்று மைக்கில் கத்தினார். அவர் நடித்தார், பழுத்த ஆள். கத்திவிட்டு மைக்கை மூடிக்கொண்டு ரோமனைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

ரோமனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் படத்தின் நடுவில் நின்றான். சட்டைப்பையில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. டோரீன் வரிசையாக ஆறு ஆச்சரியக்குறி அனுப்பியிருந்தாள். ஹெட்போனில் மட்டும் மார்சி ஒன்றும் பேசவில்லை. ஆட்டம் முடியும்வரை பேசவில்லை.

மில்வாக்கி ஜெயித்தது. ஆட்டம் முடிந்து வெண்ட்லிங் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்ததை அறையின் திரையில் பார்த்தார்கள். முதல் கேள்வியே அதுதான். "கோச், ஜெலின்ஸ்கி முன்கூட்டியே சொன்னாரே, உங்கள் ரகசியம் அவருக்கு எப்படித் தெரிந்தது?" வெண்ட்லிங்கின் முகத்தில் வெற்றிக் களை அப்படியே வடிந்தது. தண்ணீர் குடித்தார். "அடுத்த கேள்வி," என்றார்.

ஹெட்போன் உயிர்பெற்றது. "ரெண்டு பேரும் கீழ வாங்க," என்றாள் மார்சி.

படிக்கட்டில் ரோமனின் முட்டி ஒவ்வொரு படிக்கும் முனகியது. கோல்பி அவனுக்காக மெதுவாக இறங்கினான். அதுவும் ரோமனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் அப்படிப் பண்ணின, பெரிசு?"

"நீ மட்டும் பண்ணலாமா? எந்தெந்த கோச் உனக்குப் போன் போடுறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"யாரு போடுறா?"

"நேத்து சன்னல்கிட்ட என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?"

"என் நாய்க்கு முட்டியில ஆபரேஷன். அவர் நாய்க்குப் பண்ண டாக்டர் நம்பர் கேட்டேன்."

ரோமன் நின்றுவிட்டான். "அப்போ ஓட்டமா, எறியா, எப்படிச் சொல்ற?"

கோல்பி அவனை வேடிக்கையாகப் பார்த்தான். "கையப் பார்த்துச் சொல்றேன். கேமராக்காரன்கிட்ட முன்வரிசையில நிக்கிற லைன்மேன் தரையில ஊன்றின கைய மட்டும் தனியாக் காட்டச் சொல்லிருக்கேன். விரல் முட்டி வெளுத்திருந்தா முன்னாடி பாயப்போறான், ஓட்டம். விரல் லேசாப் பட்டுக்கிட்டிருந்தா பின்வாங்கப்போறான், எறிவாங்க. நீதானே சொல்லிக்குடுத்த? ரெண்டாவது வருஷம், சாப்பாட்டு மேஜையில, என் தட்டுமேலேயே கைய ஊன்றிக் காட்டின. என் மசிச்ச உருளைக்கிழங்கு நாசமாப் போச்சு."

ரோமனுக்கு அந்தத் தட்டுகூட ஞாபகம் வந்தது. கையைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? பதினோரு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். டிவியில் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வாரம் எதிரணிக்காரன் அந்தப் பையனின் கையைப் பார்த்து அவனை மண்ணைக் கவ்வவைப்பான். லைன்மேனை லைன்மேன் காட்டிக்கொடுக்க மாட்டான். அதற்காகத்தான் சாசேஜ், தொப்பை, காலுறை எல்லாம். அந்தச் சொத்தைப் பொத்திப் பொத்தி வைத்தால், இவன் வந்து எடுத்துப் பந்தி வைத்துவிட்டான். அது தப்பு என்றுகூட இவனுக்குத் தெரியவில்லை. இவனைத் திட்டுவதற்கும் ஒரு வழி இல்லையே என்று ரோமனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

வண்டிக்குள் இருபது திரைகளின் வெளிச்சத்தில் மார்சி நின்றிருந்தாள். மேஜையில் போன், ஸ்பீக்கரில்.

"கோச் லைன்ல இருக்கார்," என்றாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். இந்தச் சேதி நாளைக்கு முப்பது கோச்சுக்கும் போயிடும். ஃபைனலுக்கு முந்தின நாள் எவனும் நம்மகிட்ட வாயத் தொறக்க மாட்டான். என்ன நடந்துச்சு?"

ரோமன் வாயைத் திறக்குமுன் கோல்பி முன்னால் வந்தான்.

"கோச், நான் கோல்பி பேசுறேன். தப்பு என்னோடது. பந்து நகர்ந்திருச்சுன்னு நெனச்சு ரோமன் தொடையில தட்டிட்டேன், 'சொல்லு'ன்னு. அவர் என்னை நம்பிச் சொல்லிட்டார். எனக்கு இது முதல் வருஷம், இன்னும் பழகல."

 போனில் வெண்ட்லிங்கின் குரல் இறங்கியது. "நீயா? நல்லாப் பண்ணினடா. சரி, விடு. ஜெயிச்சாச்சு. மத்த கோச்சுங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன், புதுப் பையன், தெரியாமத் தட்டிட்டான்னு. நேராச் சொன்னியே, அதுவே பெருசு."

மார்சி நீளமாக மூச்சு விட்டாள். கோல்பியின் கையை எட்டிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். திரைகளின் முன் உட்கார்ந்திருந்த பொறியாளர்கள்கூடத் திரும்பி அவனைப் பார்த்தார்கள், தேவாலயத்தில் மெழுகுவர்த்தியைப் பார்ப்பதுபோல்.

ரோமன் பிழைத்துவிட்டான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மார்சிக்கு அவன்மேல் இனிக் கோபமில்லை. ஊருக்கு அவன் இன்றைய மந்திரவாதி. நாற்காலிகூடக் கிடைத்தாலும் கிடைக்கும். இதெல்லாம் அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. ஆனால் கண் கோல்பியின் முகத்தை விட்டு நகரவில்லை. அடுத்தவன் பழியைச் சுமந்தவனின் அந்த அழகான, அடக்கமான முகம். அடுத்த சட்டம் போட்ட படத்துக்கு இதுவே போதும். அதிலும் ரோமன் மூலையில் குனிந்து நிற்பான்.

"பொய்," என்றான் ரோமன்.

"ரோமன்," என்றாள் மார்சி, எச்சரிக்கையாக.

"பொய் சொல்றான், கோச். என்னை எவனும் தட்டல. பந்து நகரலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"பெரிசு, சும்மா இரு," என்றான் கோல்பி பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ சும்மா இரு. இது நான் பண்ணின தப்பு. உனக்குத் தர மாட்டேன்."

 போனில் வெண்ட்லிங்கின் குரல் மிகவும் களைத்திருந்தது. "நேத்து நீ பேனாவக் கீழ வச்சியா, ரோமன்?"

"வச்சேன், கோச்."

வெண்ட்லிங் இணைப்பைத் துண்டித்தார். மார்சி கண்களை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "வீட்டுக்குப் போ," என்றாள். ஃபைனலுக்கு மட்டுமில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று அவள் குரலே சொன்னது.

வெளியே பனி நின்றிருந்தது. கோல்பி கோட்டுகூட மாட்டாமல் பின்னால் ஓடி வந்தான்.

"உனக்குப் பைத்தியமா? நான்தான் முடிச்சு விட்டேனே! எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. உன் வேலை நின்னிருக்கும். ஒரே ஒரு தடவை உனக்கு ஏதாவது செய்யலாம்னு பார்த்தேன்."

ரோமன் கார் கதவில் கை வைத்தபடி அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒம்பது வருஷம் பந்தக் குடுத்தேன். விரலக் குடுத்தேன், காலக் குடுத்தேன். கையப் பார்க்கிற வித்தையும் என்னோடதாம், அதையும் எடுத்துக்கிட்ட. கடைசியில நான் பண்ணின அயோக்கியத்தனத்தையும் நீயே வாங்கிட்டுப் போய் நல்ல பேர் எடுக்கணுமா? இது ஒண்ணு எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்டா."

 கேட்காமலே எல்லாம் கிடைத்துப் பழகிய கோல்பிக்கு, நீட்டிய கையை யாரோ தட்டிவிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முகம் சுருங்கி, காது சிவந்து, பள்ளியில் பரிசு கைமாறிப் போன பையன்போல் இருந்தான். அந்த முகத்தை ரோமன் நன்றாக, ஆசை தீரப் பார்த்துக்கொண்டான். பிறகு வண்டியைக் கிளப்பி, சாசேஜ் புகைக்கு நடுவே மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வேலை போன கவலை அவனுக்குத் திங்கட்கிழமை காலையில்தான் வந்தது.